ஒரு நட்சத்திரம் பிடித்தால் 16 புள்ளி

புரோகிராமிங் வாசனையே இல்லாதவர்களுக்கு முதல் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால், ஒரு சின்ன விளையாட்டைச் செய்ய வையுங்கள் என்பேன். வேரியபிள் என்றால் இது, லூப் என்றால் அது என்று போர்டில் எழுதிப்போட்டு ஆரம்பித்தால் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். விளையாட்டு அப்படி விடாது. யோசித்ததில் ஓட்டை இருந்தால் திரையில் அது அப்படியே ஓடிக் காட்டும். ஓட்டையை நான் போய்ச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, அவர்களே "மிஸ், இது என்னமோ பண்ணுது" என்று கூப்பிடுவார்கள்.

அப்படி நடத்திய ஒரு தொடர் வகுப்பின் பதிவு இது. வந்தவர்களில் பெரும்பாலோர் பத்திலிருந்து பதிமூன்று வயதுப் பிள்ளைகள். கூடவே டைப் அடிப்பதைத் தாண்டிக் கணினியில் எதுவும் செய்திராத பெரியவர்கள் சிலர். வயது வேறானாலும் தடுமாறிய இடங்கள் அநேகமாக ஒன்றுதான். எதைச் செய்ய வேண்டும் என்பதை எல்லாரும் சீக்கிரம் சொல்லிவிட்டார்கள். எப்போது, எத்தனை தடவை என்று கேட்டால்தான் முழித்தார்கள்.

கருவி ஸ்கிராட்ச். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. இலவசம். பிரவுசரிலேயே ஓடும், இணையம் இல்லாத இடத்தில் தனியாக நிறுவிக்கொள்ளவும் முடியும். கட்டளைகள் வண்ண பிளாக்குகளாக இருக்கும், இழுத்து ஒன்றோடொன்று ஒட்டினால் ஸ்கிரிப்ட். செமிகோலன் விட்டுப்போனதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. கணினிசார் சிந்தனை, அதாவது கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு சிக்கலைப் பிரித்து யோசிப்பது, என்ற பேச்சு கணினி அறிஞர் ஜெனெட் விங் 2006-இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரைக்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்கள் வரை வந்தது. ஆனால் பிள்ளைகளுக்கான லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் 1980-லேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். பிள்ளை கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் போய்த் தான் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

செய்யப்போகிற விளையாட்டு மிக எளிது. மேலிருந்து நட்சத்திரம் விழும், கீழே ஒரு கூடை, பிடித்தால் புள்ளி. இதைச் சொன்னதுமே கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை, பத்து லெவல் உள்ள காடு என்று ஆளுக்கொரு திட்டம் வந்தது. எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு, கணினியைத் திறக்காமலே ஆரம்பித்தோம்.

கட்டம் போட்ட தாள், நட்சத்திரத்துக்கு ஓர் அழிரப்பர், கூடைக்கு ஒரு பென்சில் பாக்ஸ். ஒருவர் கணினி, இன்னொருவர் விதி எழுதுகிறவர். கணினியாக இருப்பவருக்கு ஒரே நிபந்தனை: எழுதியதை மட்டும் செய்ய வேண்டும், எழுதாததை ஊகிக்கக் கூடாது, புரியாவிட்டால் கை கட்டி உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் வந்த விதிகள் எல்லாம் இந்த மாதிரி: "நட்சத்திரம் விழும். கூடை பிடிக்கும். ஸ்கோர் ஏறும்." கணினிப் பையன் அழிரப்பரை அப்படியே மேசையிலிருந்து தரையில் போட்டான். விழும் என்றுதானே எழுதியிருக்கிறது!

அப்புறம் கேள்விகள் வர ஆரம்பித்தன. எங்கிருந்து விழ வேண்டும்? ஒரு தடவைக்கு எத்தனை கட்டம்? கூடையை யார் நகர்த்துவது? தரைக்கு வந்த பிறகு என்ன? கொஞ்ச நேரத்தில் ஒரு தாளில் உருப்படியான விதிகள் வந்துவிட்டன: மேல் வரிசையில் ஏதாவது ஒரு கட்டத்தில் தோன்று, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கட்டம் இறங்கு, பாக்ஸைத் தொட்டால் ஒரு புள்ளி, கடைசி வரிசைக்கு வந்தால் மறுபடி மேலே போ. தட்டல் என்பது நான் விரலால் மேசையைத் தட்டுவது. ஒரு தட்டலுக்கு எல்லா விதியையும் மேலிருந்து கீழ் ஒரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தட்டல் பின்னால் பெரிய உதவியாக இருந்தது. பெரிய சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரிப்பது என்று புத்தகங்கள் சொல்வதெல்லாம் இந்தத் தாளிலேயே நடந்துவிட்டது. அதற்குப் பெயர் வைக்கிற வேலையை நான் தள்ளிப்போட்டேன்.

திரைக்குப் போனால் முதலில் அளவு. ஸ்கிராட்சில் ஆட்டம் ஓடும் பகுதிக்கு மேடை என்று பெயர்: 480 அகலம், 360 உயரம், நட்டநடுவில் பூஜ்யம். இடது ஓரம் எக்ஸ் −240, வலது ஓரம் 240, உச்சி ஒய் 180, அடி −180. மைனஸ் எண்ணைக் கணக்கு வகுப்பில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகளுக்கு, கீழே இறங்க ஒய்யை −5 மாற்ற வேண்டும் என்பது உடனே பிடித்துப்போனது. தாளில் ஒரு தட்டல் என்றால் திரையில் ஒரு சுற்று. 180-இலிருந்து −170-க்கு வர எத்தனை சுற்று என்று கேட்டேன். 350-ஐ 5-ஆல் வகுத்து 70 என்றார்கள். வினாடிக்கு 30 சுற்று என்றால் இரண்டே கால் வினாடிக்குச் சற்று மேல். "ரொம்ப மெதுவா, ரொம்ப வேகமா?" என்று ஓட்டுவதற்கு முன்பே வாக்குவாதம் வந்தது. ஓட்டும் முன் ஊகத்தை எழுதி வைப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கினோம்.

இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. ஓரத்தைத் தொட்டால் மேலே போ என்று சிலர் எழுதினார்கள். உச்சியில் ஒய் 180-இல் தோன்றும் நட்சத்திரம் பிறந்த நிமிஷமே மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எனவே அது இறங்கவே இல்லை, மேலேயே இடவலமாகத் துடித்தது. ஒய் −170-க்குக் கீழே போனால் என்று மாற்றியதும் சரியானது. "ஓரம்" என்று சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது கீழ் ஓரம் மட்டும். ஸ்கிராட்சுக்கு நான்கும் ஓரம்தான்.

சரி, இனி இந்தப் பதிவை எழுதத் தூண்டிய இடம்.

ஃபாரெவர் லூப் என்பது உள்ளே இருப்பதை ஆட்டம் நிற்கும் வரை சுற்றிச் சுற்றிச் செய்யும் பிளாக். அதற்குள் மூன்றே விஷயம். ஒய்யை −5 மாற்று. கூடையைத் தொட்டால் ஸ்கோரை 1 ஏற்று. அடிக்கு வந்தால் மேலே போ. கூடை மவுஸோடு நகர்கிறது. தாளில் இருந்த அதே விதிகள், அதே வரிசை. ஒரு சிறுமி ஓட்டினாள், முதல் நட்சத்திரத்தைப் பிடித்தாள், ஸ்கோர் 16. கைதட்டல். பக்கத்தில் இருந்தவன் ஓட்டினான், 15. அவன் எழுந்து வந்து போட்ட புகார் எனக்கு மிகவும் பிடித்தது: "மிஸ், அவளுக்கு மட்டும் ஒண்ணு கூட வருது." ஒன்றுக்குப் பதில் பதினைந்து ஏன் வந்தது என்பது அவனை உறுத்தவே இல்லை. அநியாயம்தான் உறுத்தியது.

நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கட்டத்தாளை எடுத்து, பென்சில் பாக்ஸை நான்கு கட்ட உயரத்துக்கு வரும்படி நெடுக வைத்து, மேசையைத் தட்ட ஆரம்பித்தேன். ஒரு தட்டல், அழிரப்பர் ஒரு கட்டம் இறங்கியது. தொடுதா? இல்லை. இன்னொரு தட்டல். தொடுதா? தொடுது, ஒரு புள்ளி. இன்னொன்று. தொடுதா? தொடுது, இன்னொரு புள்ளி. மூன்றாவது "தொடுது" வரும்போது சிரிப்பு வந்துவிட்டது. யாரோ, "அது உள்ள இருக்கிற வரைக்கும் ஏறிட்டே இருக்கும்!" என்று கத்தினார்கள்.

அதேதான். பிடித்தால் என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது ஒரே ஒரு கணம். "தொட்டால்" என்று நிபந்தனை பார்க்கிற இஃப் பிளாக்குக்கு அந்தக் கணம் தெரியாது. இப்போது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும், அடுத்த சுற்றில் மறுபடி புதிதாகப் பார்க்கும், போன சுற்றில் என்ன சொன்னோம் என்ற ஞாபகமே அதற்குக் கிடையாது. நட்சத்திரம் 40 உயரம், கூடை 40 உயரம். நட்சத்திரத்தின் அடி கூடையின் உச்சியைத் தொட்டதிலிருந்து அதன் உச்சி கூடையின் அடியை விட்டு விலகும் வரை 80 தூரம். சுற்றுக்கு 5 என்றால் 16 சுற்று. நட்சத்திரத்தின் முனை எங்கே உரசுகிறது என்பதைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும். அநியாயத்துக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

திருத்துவதை அவர்களிடமே விட்டேன். மவுஸை நான் தொடுவதில்லை என்பது வகுப்பின் சட்டம். வந்த விடைகளை வந்தபடியே எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருந்தது.

புகார் கொடுத்த பையனின் விடை: ஸ்கோரை 1 ஏற்றுவதற்குப் பதில் 0.0625 ஏற்று. 16 முறை ஏறினால் ஒன்று ஆகிவிடும். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் தேவை இல்லை. "வேகத்தை −8 ஆக்கிப் பாரு" என்றேன். 80-ஐ 8-ஆல் வகுத்தால் 10 சுற்று, ஸ்கோர் 0.625-இல் நின்றது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே அழித்தான். ஒரு எண்ணைக் குறிப்பிட்ட நிலைமைக்காகச் செதுக்கினால் நிலைமை மாறும்போது உடைந்துவிடும் என்பதை நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாவது விடை: தொடுவது விலகும் வரை காத்திரு என்ற பிளாக்கை, புள்ளி ஏற்றிய கையோடு போடு. கேட்க நன்றாக இருந்தது. ஓட்டினால் நட்சத்திரம் கூடையில் பசை போல ஒட்டிக்கொண்டது. விழவைக்கிற பிளாக்கும் அதே ஸ்கிரிப்டில்தானே இருக்கிறது, அதுவும் சேர்ந்து காத்திருக்கிறது! கூடையை நகர்த்தினால்தான் நட்சத்திரம் மறுபடி விழுந்தது. எழுதியவளுக்கு இது பிடித்துப்போய் அதையே தனி விளையாட்டாக்கிவிட்டாள். மற்றவர்கள் விழுவதை ஒரு ஸ்கிரிப்டாகவும் புள்ளி எண்ணுவதை இன்னொரு ஸ்கிரிப்டாகவும் பிரித்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்று நின்றால் இன்னொன்று நிற்காது. ஒரே நேரத்தில் பல வேலை என்ற பாடத்துக்குத் தனியாக வகுப்பே வைக்கவில்லை.

பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்த விடை: புள்ளி ஏற்றியதும் நட்சத்திரத்தை உடனே மேலே அனுப்பிவிடு. அடுத்த சுற்றில் தொட்டால்தானே ஏறும். பெரியவர்களில் ஒருவர் மட்டும் "எண்ணியாச்சா" என்று ஒரு வேரியபிள், அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரிட்ட பெட்டி, வைத்தார். முதல் தடவை தொடும்போது அதை 1 ஆக்கி, விலகும்போது 0 ஆக்கினார். இந்த விளையாட்டுக்கு அது அதிகப்படிதான். ஆனால் பின்னால் மோதினால் உயிர் குறையும் பாறை ஒன்றைச் சேர்த்தபோது, பாறையை மேலே அனுப்ப முடியாதே, எல்லாரும் அவரிடம்தான் போய் நின்றார்கள். இஃப் பிளாக்குக்கு இல்லாத ஞாபகத்தை வேரியபிள் கொடுக்கிறது. அந்த ஒரு வேரியபிளுக்குப் பிறகு வேரியபிள் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான பிழையும் வந்தது. இஃப் பிளாக்கை ஃபாரெவருக்கு வெளியே வைத்துவிட்டால், ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்திய நொடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடும். எவ்வளவு பிடித்தாலும் ஸ்கோர் பூஜ்யம். ஒன்று அளவுக்கு மேல், இன்னொன்று ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் மருந்து அதே கேள்விதான். யாராவது கூப்பிட்டால் போய் நின்று, "இதை எப்போ பார்க்குது? எத்தனை தடவை பார்க்குது?" என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச காலத்தில் நான் போவதற்குள் பக்கத்தில் இருப்பவர்களே கேட்டுவிட்டார்கள்.

பழைய ஸ்கோர் அடுத்த ஆட்டத்திலும் தொடர்வது, ஆட்டம் முடிந்தும் கூடை மறைந்தே கிடப்பது போன்றவை சீக்கிரம் தீர்ந்தன. கொடி அழுத்தியதும் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர ஓர் இடம் வேண்டும். ஒரு முறை பட்டால் மறக்காது.

ஒரு நட்சத்திரம் போதாது, மழை மாதிரி வேண்டும் என்று கேட்டபோது குளோன் பற்றி, அதாவது ஆட்டம் ஓடும்போதே ஒன்றிலிருந்து நகல் எடுப்பது பற்றி, நான் வாயே திறக்கவில்லை. நட்சத்திர ஸ்பிரைட்டை (மேடையில் ஆடும் உருவத்தை) டூப்ளிகேட் செய்து ஐந்து, ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு, "எல்லா நட்சத்திரமும் கொஞ்சம் மெதுவா விழட்டும்" என்றேன். ஒவ்வொன்றாகத் திறந்து −5-ஐ −3 ஆக்கும்போது ஒன்றை விட்டுவிட்டார்கள், அது மட்டும் தறிகெட்டு விழுந்தது. ஒரே எண் ஆறு இடத்தில் இருப்பதன் வலி தெரிந்த பிறகு "வேகம்" என்று ஒரு வேரியபிள் வைப்பதற்கும், ஒரே நட்சத்திரத்திலிருந்து குளோன் எடுப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குளோனிலும் வேடிக்கை உண்டு. மேடை வினாடிக்கொரு முறை "புது நட்சத்திரம்" என்று ஒரு செய்தியை பிராட்காஸ்ட் செய்யும், அதாவது எல்லாருக்கும் அனுப்பும். செய்தி வந்தால் உன்னையே ஒரு குளோன் எடு என்று நட்சத்திரத்திடம் எழுதியிருந்தான் ஒருவன். செய்தி மூல நட்சத்திரத்துக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே இருக்கிற குளோன்களுக்கும் போகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எட்டாவது செய்தியில் 256. ஒன்பதாவதில் ஸ்கிராட்ச் கைவிரித்துவிட்டது: ஒரு புராஜெக்டில் 300 குளோனுக்கு மேல் அது அனுமதிப்பதில்லை. திரை முழுக்க நட்சத்திரம், கணினி தவழ்கிறது, வகுப்பே எழுந்து வந்து பார்க்கிறது. உடனே திருத்தவிடாமல், செய்தி வாரியாக எண்ணிக்கையைத் தாளில் எழுதச் சொன்னேன். இரட்டிப்பு எவ்வளவு வேகமானது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பிறகு குளோன் எடுக்கிற வேலையை மேடையிடமே கொடுத்துவிட்டான், மேடைக்குக் குளோன் கிடையாது.

ஓவியம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கிராட்சில் படம் வரையும் பகுதி இருக்கிறதே, அது நேரத்தை விழுங்கும். கூடைக்குப் பின்னல் வேலை செய்துகொண்டே ஒரு வகுப்பை முடித்தவர்கள் உண்டு. அதனால் ஆட்டம் ஓடி முடிகிற வரை எல்லாம் வெறும் வட்டமும் செவ்வகமும்தான் என்று விதி போட்டேன். கறார்தான், ஆனால் அவசியம். அதே மாதிரி, மற்றவர்கள் செய்து வெளியிட்ட ஆட்டத்தை ரீமிக்ஸ் செய்வதற்கு, அதாவது எடுத்து மாற்றிக்கொள்வதற்கு, நான் எதிரி இல்லை. எடுத்ததில் ஒரு ஸ்கிரிப்டை, அது என்ன செய்கிறது என்று வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆட்டத்தைச் சோதிக்கும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். செய்தவர் பக்கத்தில் நிற்கலாம், பேசக் கூடாது. விளையாடுகிறவர் எதை அழுத்துகிறார், எங்கே குழம்புகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். "மவுஸை நகர்த்துடா" என்று சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது சிலருக்குத் தண்டனையாகவே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் ஆட்டத்தின் ஆரம்பத்தில் எப்படி விளையாடுவது என்ற குறிப்பெல்லாம் முளைத்தது.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முடித்த ஆட்டத்தைப் பார்த்து மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்துத் திரையைப் பார்த்து அப்படியே அடுக்கினாலும் அது ஓடத்தான் செய்யும். வேண்டுமென்றே கெடுத்த ஸ்கிரிப்டைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, ஓட்டாமலே என்ன ஆகும் என்று எழுதச் சொல்வேன். இன்னொன்று, வேறு ஆட்டத்தைக் காட்டி, நாம் செய்ததில் எது இதில் ஒளிந்திருக்கிறது என்று கேட்பேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ரெப்பெனிங் குழுவினர் மோதல், உருவாக்கம், உறிஞ்சுதல் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்ப வரும் வடிவங்களைப் பட்டியலிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தப் பெயர்களை அறியாமலே, "அது மேல போறதுக்குப் பதில் மறையுது, அவ்வளவுதான், நம்ம நட்சத்திரம் மாதிரியே" என்று சொன்னார்கள். எனக்கு அது போதும்.

இப்போது இருப்பது குதிக்கிற ஆட்டத்தில். வேகம் 12 என்று ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று ஒய்யை வேகத்தின் அளவு மாற்றி, வேகத்தில் ஒன்று குறைக்கிறோம். 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78 உயரம், பூஜ்யத்தில் ஒரு சுற்று, பிறகு அதே எண்கள் மைனஸில். 25 சுற்றில் அதே தரைக்கு வந்து நிற்க வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டார்கள், திரையிலும் அப்படியே நின்றது. இரண்டு மடங்கு உயரம் குதிக்க வேகத்தை 24 ஆக்கினால் போதும் என்றார்கள். ஊகம் 156 என்று எல்லார் நோட்டிலும் இருந்தது. தரை −140-இல் இருந்ததால் திரைக்குள்ளேயே அடங்கி, 300 போய்விட்டு வந்தது. கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஏன் என்று அடுத்த வகுப்புக்குள் தாளில் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.